தம்பி பொம்மை

வெண்ணாற்றில் தண்ணீர் நின்று மூன்று மாதமாகியிருந்தது. வாய்க்கால்கள் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தன. ஆனால் சாவித்திரி வீட்டு வாசற்படியில் ஈரக் களிமண் அப்பியிருந்தது. கதவின் ஓரத்தில், ரோஹிணியின் இடுப்புயரத்துக்கு, சின்ன விரல்கள் இழுத்துவிட்ட சேற்றுக்கோடுகள்.

ஸ்கூட்டரை வேலியோரம் நிறுத்திவிட்டு ரோஹிணி அப்படியே நின்றாள். அந்திவெயில் அறுத்த வயலின் தாளடிக் கட்டைகள்மேல் சரிந்துகொண்டிருந்தது. எங்கோ ஒரு மோட்டார் இரைந்துகொண்டிருக்க, மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து புதுத்தண்ணீர் வரும் நாளின் வாடை, அழுகிய தழையும் நுரையும் சேறும் கலந்த வாடை, அவள் முகத்தில் வந்து மோதியது. சாவித்திரியின் மகள் வானதியிடம் ஒன்றே ஒன்று சொல்லத்தான் வந்திருந்தாள். உன்மேல் தப்பில்லை என்று.

தஞ்சாவூரில் ஆய்வு மாணவி அவள். வீட்டில் ஒருவரைத் தண்ணீருக்குப் பறிகொடுத்த குழந்தைகள், வாயால் சொல்ல முடியாததைப் படமாகவும் பொம்மையாகவும் எப்படிச் சொல்கிறார்கள் என்பதுதான் ஆய்வு. எட்டு வயது வானதி, அம்மா சாவித்திரியைப் பொம்மையாகச் செய்தாள். கத்தாரில் இருக்கும் அப்பா துரைராசுவைச் செய்தாள். ஆட்டுக்குட்டி செய்தாள். மதகில் தண்ணீர் இழுத்துப்போன தம்பி தமிழரசனை மட்டும் செய்யவில்லை.

பிடிக்காததை யாரும் செய்ய வேண்டாம் என்று முதல் நாளே குழந்தைகளிடம் சொன்னவள் ரோஹிணிதான். ஆனால் ஆய்வு நகராமல் நின்றுகொண்டிருந்தது. ஒருநாள் இதே வீட்டில் ஒரு உருண்டை மண்ணை வானதியின் கையில் வைத்து, தம்பியைச் செய், அவனுக்காக நீயே பேசு என்றாள்.

"வேணாம் மிஸ். செஞ்சா அவன் பேசுவான்."

"வெறும் மண்ணுதானேம்மா."

வானதி செய்தாள். அதைக் காதருகே வைத்துக்கொண்டு, தன்னுடையதல்லாத ஒரு மெல்லிய குரலில் சொன்னாள்: "அக்கா என் கைய விட்டுட்டா."

டீ தம்ளரோடு வாசலில் நின்றிருந்தாள் சாவித்திரி. ரோஹிணி நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். பார்த்த பிறகும் செல்போனில் ஓடிக்கொண்டிருந்த பதிவை நிறுத்தவில்லை. சென்னைக் கருத்தரங்கில் அந்தக் குரலைப் போட்டபோது அரங்கம் கை தட்டியது. இன்னமும் தூக்கத்தில் அவளுக்குக் கேட்பது அந்தக் கைத்தட்டல்தான்.

கதவு திறந்தது. சாவித்திரி சிரித்தாள். முழங்கைவரை சேறு.

"வாங்க மிஸ். உங்களப் பத்தித்தான் பேசிக்கிட்டிருந்தோம்."

ஜன்னல்களெல்லாம் சாத்தியிருந்தன. டிவி மேல், பிரிட்ஜ் மேல், சாமி மாடத்தில், தரையில் சுவரோரமாக வரிசை வரிசையாகப் பொம்மைகள். எல்லாம் ஒரே பையன். எல்லாவற்றுக்கும் வாய் திறந்திருந்தது. கொல்லையில் குழி வெட்டி, மோட்டார் தண்ணீர் விட்டு மண் குழைப்பதாகச் சாவித்திரி சொன்னாள். தினமும் அவன் பேசுகிறானாம். முதலில் ஓரிரு வார்த்தைதானாம்.

"பொம்ம சின்னதா இருந்தா கொஞ்ச நேரந்தான் மிஸ் பேசுறான். அதான் பெருசா செஞ்சோம்."

உள்ளறையை நோக்கிக் கை காட்டினாள்.

ரோஹிணி போனாள். கால் வழுக்கியது. இருட்டில் ஸ்டூல்மேல் ஒரு உருவம். குழந்தை உயரம். கால்சட்டை. ஒட்ட வெட்டிய முடி. தலையிலிருந்து பாதம்வரை களிமண்.

அதன் கண்கள் அவளைப் பார்த்தன.

உயிருள்ள கண்கள்.

"வானதி எங்கங்க?" என்றாள் ரோஹிணி.

"அவளா? அந்தா." சாவித்திரி ஜன்னல் கட்டையைக் காட்டினாள். கட்டைவிரல் உயரத்தில் ரெட்டைச் சடை போட்ட ஒரு மண்பொம்மை. "அவகிட்ட நான் பேசுறதில்ல."

ரோஹிணி மண்டியிட்டாள். மண்ணைப் பூசி வானதியையே உட்கார வைத்திருக்கிறாள். பிள்ளைக்கு மூச்சு முட்டும். முதலில் இதை எடுக்க வேண்டும். "வானதி, மிஸ் வந்திருக்கேம்மா. உன்மேல எந்தத் தப்பும் இல்ல. எல்லாம் நான் பண்ணினது." சொல்லிக்கொண்டே கன்னத்து மண்ணை வழித்தாள். திரளாக வந்தது. அடியிலும் மண். மறுபடி வழித்தாள். மண். நகத்தால் தோண்டினாள்.

தோல் இல்லை.

விரல் முழுதும் உள்ளே போனது. சில்லென்றிருந்தது. எலும்பு தட்டவில்லை. எதுவும் தட்டவில்லை.

கண்கள் இமைத்தன.

முதுகுக்குப் பின்னால், ஜன்னல் பக்கமிருந்து, மிகச் சன்னமாக, வானதியின் குரல்: "மிஸ்."

அவளால் திரும்ப முடியவில்லை. சாவித்திரி செம்போடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ரோஹிணியின் விரலை மெல்ல வெளியே எடுத்துவிட்டாள். அந்தக் குழியைப் பெருவிரலால் தடவித் தடவி மூடினாள். பிறகு உச்சந்தலையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றினாள். நீர் நெற்றியில் வழிந்து, மூடாத அந்தக் கண்களுக்குள் இறங்கியது.

"காய விடக்கூடாது மிஸ்" என்றாள்.