மயிலாள் சொன்ன பதில்

கேள்வி கேட்டுவிட்டுப் பெண்கள் ஏன் அப்படி அசையாமல் நிற்கிறார்கள் என்றுதான் தேவிப்பிரியாவுக்கு முதலில் புரியவில்லை.

நர்சிங் கல்லூரியின் பயிற்சி அறையான ஸ்கில் லேபின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே கட்டிலில், ஊசி போட்டுப் பழகுவதற்கான ரப்பர் பொம்மை மல்லாந்து கிடந்தது. இரண்டாம் வருட மாணவி தமிழ்மதி அதன் முகத்தருகே குனிந்து, "அம்மா, கையத் தொட்டுப் பாக்கட்டுங்களா?" என்றாள். கேட்டவள் நிமிரவில்லை. சுற்றி நின்ற பெண்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பக்கத்துக் குடோனில் தறிகள் தடதடத்துக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம் கழித்துத் தமிழ்மதி தலையாட்டிச் சிரித்தாள்.

"இடது கை வேண்டாங்கறாங்க மேடம். வலிக்குதாமா."

"அப்ப வலது கைய எடுத்துக்க தாயி," என்றாள் நதியா.

நதியா இந்த வருடம்தான் ஆசிரியையாகச் சேர்ந்தவள். சிவகங்கைப் பக்கம் சொந்த ஊர். பெற்றோர் வீரபாண்டியில் பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர்கள். அவள் பாடத்தில் ஒரே சட்டம். நோயாளியைத் தொடும் முன் என்ன செய்யப்போகிறோம் என்று சொல்ல வேண்டும், அனுமதி கேட்க வேண்டும், பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். பொம்மையிடமே அதைப் பழகச் சொன்னாள். பெண்களும் அதற்கு மயிலாள் என்று பெயர் வைத்து, கட்டிங் வேஸ்ட் துணியில் நைட்டி தைத்துப் போட்டு, காலையில் வந்ததும் சாப்பிட்டீங்களாம்மா என்று விசாரிக்கும் அளவுக்குப் போய்விட்டார்கள்.

தேவிப்பிரியாவின் பாடம் வேறு. நோயாளியிடம் பேச்சு வளர்த்தால் வேலை ஆகாது. சட்டென்று குத்து, சட்டென்று எடு. அவளிடம் படித்தவர்களுக்குக் கை நடுங்கியதே இல்லை. ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழுந்த இந்தத் தமிழ்மதியைத் திட்டித் திட்டி வகுப்பில் முதல் ஆளாக்கியதும் அவள்தான். அந்தப் பெண் ஒருநாளும் அவளை இப்படிக் கனிந்து பார்த்ததில்லை. ஒரு ரப்பர் பொம்மையை அப்படிப் பார்க்கிறாள். தேவிப்பிரியாவுக்கு வயிறு எரிந்தது.

அன்று மாலை எல்லோரும் கல்லூரி பஸ்ஸில் ஏறிய பிறகு அவள் மட்டும் லேபுக்குள் போனாள். ஒரு காலத்தில் பனியன் கம்பெனியாக இருந்த கட்டடம் அது. எத்தனை டெட்டால் ஊற்றித் துடைத்தாலும் மழை மூட்டமான நாளில் சுவரிலிருந்து மெஷின் எண்ணெயும் பஞ்சுத் தூசும் கலந்த பழைய வாடை கிளம்பும். அதோடு ரப்பரின் காரமான மணமும் சேர்ந்து தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். மேலே ஃபேன் கிறீச் கிறீச்சென்று சுற்ற, அதன் நிழல் பொம்மையின் முகத்தில் விழுந்து விழுந்து விலகியது. யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு தேவிப்பிரியா குனிந்தாள்.

"கையத் தொடட்டுங்களா?"

காத்திருந்தாள். கழுத்து வலிக்கும்வரை காத்திருந்தாள். பதில் இல்லை. பொம்மைகூட அவளை மதிக்கவில்லை என்று தோன்றியதும் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. தட்டிலிருந்த ஊசியை எடுத்து இடது கையில் ஓங்கிக் குத்தினாள்.

ரப்பர் வெதுவெதுப்பாக இருந்தது.

மறுநாள் காலை தோசை வார்க்கும்போது கணவன் செல்வக்குமார் பதறி ஓடிவந்து அவள் இடது கையைப் பிடித்து இழுத்தான். "கை கல்லு மேல இருக்குது! சுடறது தெரியலியா உனக்கு?"

தெரியவில்லை. கிள்ளிப் பார்த்தாள், நகத்தால் கீறிப் பார்த்தாள். தோல் வழுவழுவென்று இருந்தது. நரம்பு எங்கேயோ அழுந்தியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். முன்கையை முகர்ந்து பார்த்தவள், சோப்புப் போட்டுத் திரும்பத் திரும்பக் கழுவினாள். அந்த ரப்பர் மணம் போகவில்லை.

கல்லூரியில் தமிழ்மதியைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்தப் பொம்மை என்னைப் பத்தி ஏதாச்சும் சொல்லுச்சா புள்ள?" என்று கேலிபோலக் கேட்டாள். தமிழ்மதி தரையைப் பார்த்தாள்.

"நீங்க சும்மா கேட்டீங்களாமா. பதில் வர்றதுக்குள்ள குத்திட்டீங்களாமா."

தேவிப்பிரியா நேராக நதியாவிடம் போனாள். "ஏனுங்க, புள்ளைங்கள வெச்சு என்னை வேவு பாக்கறீங்களா?"

நதியாவின் முகம் வெளுத்தது. "கேட்டுட்டுக் காத்திருக்கணும்னுதான் சொல்லிக் குடுத்தேன் அக்கா. நோயாளியோட முகத்தைக் கவனிக்கட்டும்னு. பிள்ளைக விளையாட்டுக்குச் சொல்லுதுகன்னு நினைச்சேன். எனக்கு ஒருநாளும் எதுவும் கேட்டதில்ல."

வேறு யாராக இருந்தாலும் பயந்திருப்பார்கள். தேவிப்பிரியாவுக்குப் பயத்தைவிடப் பொறாமைதான் முந்திக்கொண்டது. அதற்கேற்றாற்போல் முதல்வர் தங்கவேலு ஆசிரியர்கள் எல்லோர் முன்னாலும் நதியாவின் முறையைப் புகழ்ந்து, லேப் சாவியை இனி அவளே வைத்துக்கொள்ளட்டும் என்றார். இத்தனை வருடம் தேவிப்பிரியாவின் இடுப்பில் கிடந்த சாவி. சாப்பாட்டு நேரத்தில் அவள் சாப்பிடவில்லை. இன்னும் கொடுக்காமல் வைத்திருந்த சாவியால் லேபைத் திறந்து உள்ளே போனாள். வயிற்றுக்கு உணவு செலுத்தும் டியூபைப் பொம்மையின் மூக்கில் நுழைத்தாள். கேட்கவில்லை. தொண்டையில் இடித்தது. விடாமல் திணித்தாள்.

மதிய வகுப்பில் பாடம் நடத்த வாய் திறந்தாள். காற்று மட்டும் வந்தது. இருமினாள், தண்ணீர் குடித்தாள், மறுபடி முயன்றாள். குரல் இல்லை. மாணவிகள் கொஞ்ச நேரம் மரியாதையாகக் காத்திருந்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தமிழ்மதி எழுந்து, "அடுத்த பீரியடு லேபுங்க மேடம், நதியா மேடத்தக் கூட்டிட்டு வந்துர்றோம்," என்று சொல்ல, எல்லோரும் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கலைந்தார்கள்.

அவர்கள் வருவதற்குள் அந்தப் பொம்மையை ஒளித்துவிட வேண்டும். தேவிப்பிரியா ஓடினாள்.

மரத்த கையைக் கொடுத்துப் பொம்மையைத் தூக்கினாள். எப்போதும் இல்லாத கனம். டியூபை உருவி எறிந்துவிட்டு, மூலையிலிருந்த இரும்புப் பீரோவுக்குள் தள்ளினாள். கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. முழங்காலைப் பிடித்து மடக்கினாள். மடங்கவில்லை. காலால் மிதித்து ஒடித்து உள்ளே திணித்துக் கதவைச் சாத்தினாள். பீரோவில் தொங்கிய சாவியைத் திருப்பினாள்.

கரண்ட் போனது.

ஃபேன் ஓய்ந்தது. பக்கத்துக் குடோனில் தறிகள் ஒட்டுமொத்தமாக நின்றன. பகலெல்லாம் காதில் கேட்டுக்கொண்டே இருந்த சத்தம். இப்போது அதுவும் இல்லை.

கதவை நோக்கி ஒரு எட்டு வைத்தாள்.

முழங்கால் இல்லை.

கட்டிலைப் பிடித்தாள். சரிந்தாள். மெத்தையில் மல்லாந்து விழுந்தாள். வலது கை? அசையவில்லை. விரல்? இல்லை. கண் மட்டும் திறந்திருந்தது. மூடப் பார்த்தாள். முடியவில்லை.

காலடிச் சத்தம். மல்லிகைப்பூ வாசம். பெண்கள் வந்தார்கள்.

"கரண்ட் வர்ற வரைக்கும் ஜன்னலத் திறந்து வைங்க பிள்ளைகளா," என்று நதியாவின் குரல் கேட்டது. சாம்பல் வெளிச்சத்தில் கட்டிலைச் சுற்றி முகங்கள் கூடின. யாரும் அலறவில்லை. ஒருத்தி அவள் புடவையை நைட்டிபோல இழுத்துச் சரிசெய்தாள். இன்னொருத்தி நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினாள்.

தமிழ்மதி குனிந்தாள். கையில் டியூப்.

கண்ணில் அந்தக் கனிவு. இத்தனை நாள் தேவிப்பிரியா ஏங்கிய அதே பார்வை. இப்போது அவளுக்கே அவளுக்கு.

"மயிலாளம்மா, மூக்குல டியூப் போடட்டுங்களா?"

வேண்டாம். நான்தான் புள்ள. வேண்டாம்.

உதடு அசையவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். தறிச் சத்தம் இல்லாத அந்த அமைதியில் தேவிப்பிரியா முதல்முறையாகப் பதிலைக் கேட்டாள்.

பீரோவுக்குள்ளிருந்து வந்தது. அவளுடைய குரல். அவள் எந்த மாணவியிடமும் பேசியிராத அளவுக்கு அன்பாக.

"போடு கண்ணு."

தமிழ்மதி தலையாட்டிச் சிரித்தாள்.

"சரிங்கறாங்க மேடம்."