அறுபத்து நான்காவது எலக்ட்ரோன்

தேநீர்க் கோப்பை விழுந்து உடைந்தது.

அடுத்த நொடி தர்சிகாவும் விழுந்தாள்! வாயோரம் நுரை...

திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்த பௌதிக ஆய்வுகூடம். காலை பத்தரை மணி.

பிற்பகலில் அதே அறைக்கு இன்ஸ்பெக்டர் அன்ஸார் வந்தார். எதிரே தர்சிகாவின் பேராசிரியர் கதிராமன். கண்ணில் ஒரு சொட்டு ஈரமில்லை.

"பிள்ளை போயிட்டுது சேர்," என்றார் அன்ஸார்.

"அடடா..." கதிராமன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "என்னை எப்ப விடுவீங்கள்? இண்டைக்குள்ள ஒரு கட்டுரை அனுப்பவேணும்."

அன்ஸார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என்ன கட்டுரை?"

"அறுபத்து நாலு அணு ஒரே வரிசையில நிக்கிற காந்தம், அணுவுக்கு ஒரு எலக்ட்ரோன். அதில ஒரு எலக்ட்ரோனைத் தூக்கினா, அந்த வெற்றிடம் ரெண்டாப் பிரிஞ்சு ஓடும். காந்தக் குணம் ஒரு வேகத்தில, மின்னேற்றம் வேற வேகத்தில! கணினியில ஓடவிட்டு அளந்தனான்."

"தர்சிகாவும் அதைத்தானே செய்தவ? அவட பேரும் வருமோ?"

"செத்தவளுக்கு என்னத்துக்குப் பேர்? என்ட பேர் மட்டும்தான்."

சீ!

"ரெண்டு வருசம் மூளையைக் கசக்கினது நான். இஞ்ச பாருங்கோ." மடிக்கணினியில் எண்கள் வரிசை வரிசையாக ஓடின. "இதில பிரியுது... தெரியுதோ?"

"ஓம், ஓம்." அன்ஸாருக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. "இது உங்கட சொந்த வேலைதான் எண்டு எழுதிக் கையெழுத்து வையுங்க."

வைத்தார்!

அன்ஸார் சட்டைப் பைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த போனை எடுத்துத் திருப்பினார். வீடியோ அழைப்பு. ஆஸ்பத்திரிக் கட்டில். சேலைன் குழாய்.

தர்சிகா!

"சேர்..." குரல் கம்மியது. "இப்ப நீங்கள் காட்டினது நான் காலமை சரிபார்க்க ஓடவிட்ட ஃபைல். அறுபத்து நாலு எலக்ட்ரோனும் அப்பிடியே நிக்குது. ஒண்டையும் எடுக்கேல்ல. இல்லாத வெற்றிடம் எப்பிடிப் பிரியும்?"

கதிராமன் மடிக்கணினியைச் சட்டென்று மூடினார்.

"அது என்ட கழுத்தில தொங்கின பென் டிரைவில மட்டும்தான் இருந்தது. கண் முழிக்கேக்க கழுத்தில அதைக் காணேல்ல. தேத்தண்ணி தந்ததும் நீங்கள்தான்... சரியான கணக்கு கப்பல்துறைக் கிராமத்தில, என்ட வீட்டுக் கணினியில பத்திரமா இருக்கு."

துடித்துக் கிடந்த பிள்ளைக்கு ஒரு மிடறு தண்ணீர் கொடுக்காமல் கழுத்தைத் தடவியிருக்கிறான்! தூ!

"இன்ஸ்பெக்டர்..." கதிராமன் கெஞ்சினான். "வெளியில தெரிஞ்சா என்ட பேர்..."

அன்ஸார் விலங்கை எடுத்தார்.

"பயப்பிடாதீங்க சேர். குற்றப்பத்திரிகையில உங்கட பேர் மட்டும்தான் வரும். ஒருத்தரோடயும் பங்கு போடத் தேவையில்லை!"