புளிச்சகீரைக்கு வேகம் ஆகாது

செவ்வாய்க் கிரகத்தின் செங்குன்றம் குடியிருப்பில் எல்லோரும் காலையில் ஒரே பச்சைப் பாசிக் களியைத்தான் சாப்பிட்டார்கள். நாக்கின் அடியில் பொருத்தியிருந்த சுவைச்சில்லு அதை அவரவர் விருப்பப்படி இட்லியாகவோ மீன்குழம்பாகவோ காட்டியது. பூவராகன் அன்று நெய்ப்பொங்கலை முடித்து ஏப்பம் விட்டபோது, எதிரே இருந்த அவன் மனைவி செண்பகவல்லி வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து ஓடினாள்.

அவளுக்கு மூன்றாம் மாதம். கருவுற்றவர்களுக்குச் சில்லை அணைத்துவிட வேண்டும் என்பது மருத்துவ விதி. சில்லு இல்லாத நாக்குக்குக் களி வெறும் களிதான். ஒரு வாரமாக அவள் வயிற்றில் எதுவும் தங்கவில்லை. கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"நெசமான புளிப்பு கொஞ்சம் கெடைச்சாப் போதும்ங்க," என்றாள் திரும்பி வந்து. "புளிச்சகீரைத் தொக்கு மாதிரி."

பூவராகன் கிடங்குக் காப்பாளன். பூமியின் விதைவங்கி ஒன்று அனுப்பிய ஆயிரக்கணக்கான பெட்டிகள் அவன் பொறுப்பில் இருந்தன. எல்லாவற்றிலும் முத்திரை, மேலே வெறும் எண். திறந்தால் உடனே விதைத்தாக வேண்டும், இல்லையென்றால் கெட்டுவிடும். எந்த எண்ணில் எந்த விதை என்ற விவரமோ, டாஸ் என்ற ஆதிகாலக் கணினி முறையில் ஓடும் மென்பொருள் ஒன்றுக்குள் கிடந்தது. ஓடுகிற வரை எதற்கு மாற்றுவது என்று விதைவங்கி அதைத் தலைமுறை தலைமுறையாக அப்படியே வைத்திருந்தது. சில்லு இருக்கும்போது காய்கறி எதற்கு என்று செங்குன்றத்திலும் யாரும் அதைத் திறக்கவில்லை.

பூவராகன் விரைமதியிடம் போனான். குடியிருப்பின் பதிவுகள், அனுமதிகள் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் செயற்கை மூளை அது.

"அந்தப் பழைய மென்பொருள் தொடங்கினதுமே செத்துப்போகுது," என்றது விரைமதி. "முதல்ல ஒரு கணக்கக் குடுத்து, எவ்வளவு நேரமாகுதுன்னு என் வேகத்தை அளக்குது. எனக்கு நேரமே ஆகல. பூஜ்யத்தால வகுக்கப் போய் விழுந்துடுது."

"அப்ப மெதுவா ஓடேன்."

"நான் துண்டு துண்டா இல்லியே. மெதுவான்னா முழுசாத்தான் மெதுவாகணும்."

தலைமைப் பொறியாளர் ஜெபமணி முதலில் தயங்கினார். செண்பகவல்லியின் மருத்துவ அறிக்கையைப் பார்த்த பிறகு ஒப்புக்கொண்டார். காற்றுக்கும் தண்ணீருக்கும் தனி இயந்திரங்கள் இருந்ததால் ஆபத்து ஒன்றும் இல்லை. விரைமதியின் வேகத்தைக் கோடியில் ஒரு பங்காகக் குறைத்தார்கள். மென்பொருள் இந்த முறை விழவில்லை; கறுப்புத் திரையில் வெள்ளைக் கோடு ஒன்று கண் சிமிட்டியது.

குரல் கட்டளையிலேயே வளர்ந்த பூவராகனுக்குத் தட்டச்சுப் பழக்கமில்லை. கீரையின் பெயரை அடிக்க ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடினான்.

"அடுத்த எழுத்து வர்ற வரைக்கும் நான் என்ன செய்யறது?" என்றது விரைமதி.

"சும்மா இரு."

"சும்மான்னா?"

பூவராகன் யோசித்தான். "சும்மான்னா... சும்மாதான்."

அவன் இன்னும் நாலு எழுத்து தேடி அழுத்திய பிறகு, "அட," என்றது விரைமதி. "நல்லாத்தான் இருக்கு."

பெட்டி கிடைத்தது. வளர்விளக்கின் கீழ் கீரை மளமளவென்று வளர்ந்தது. முதல் இலையைச் செண்பகவல்லி பச்சையாகவே மென்றாள். கண்ணை இறுக்கி, முகத்தைச் சுளித்து, பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். அன்று இரண்டு தட்டுச் சாப்பிட்டாள். பூவராகன் தன் களியை மறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பெண் குழந்தை கொழுகொழுவென்று பிறந்தது. பெயரைப் பதிய அவன் விரைமதியின் கூடத்துக்குப் போனான். திரையில், 'மதியத்துக்கு மேல் வரவும்' என்று இருந்தது. கூடத்தில் ஆளே இல்லை. தரையில் மட்டும், ஆளுக்குப் பதில் இடம் பிடித்து, வாசல் வரை வரிசையாகத் தலைக்கவசங்கள்.

"இது என்னங்க சார் கூத்து?" என்று ஜெபமணியைத் தேடிப் பிடித்துக் கேட்டான். "வெதைதான் அப்பவே கெடைச்சாச்சே, விரைமதியப் பழைய வேகத்துக்கு மாத்திரலாமே?"

"ஒரு பொத்தான அழுத்தினாப் போதும்," என்றார் அவர், சுற்றி நின்ற நாலைந்து பேரிடமிருந்து கண்ணை எடுக்காமல். அரட்டை அங்கே சூடாக இருந்தது. "யாரும் கேக்கலியேப்பா. என் கவசம்கூட மூணாவதா இருக்கு. நீயும் வச்சிட்டு வா, டீ சொல்லியிருக்கு."

பூவராகன் திரும்பிப் போய்த் தன் கவசத்தைக் கடைசியில் வைத்தான். இரண்டு பக்கமும் பார்த்தான். யாரும் இல்லை. காலால் அதை மெல்ல நாலு கவசம் முன்னால் தள்ளிவிட்டு டீ குடிக்கப் போனான்.