சந்தனத்தில் இறங்கிய தண்ணீர்க் கோடு

“அவரு என்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். தனியா கூப்ட்டு இல்ல. அத்தினி பேர் முன்னாடி திட்டினாரு இல்ல, அத்தினி பேர் முன்னாடியும் கேக்கணும்.”

தெற்கு மாட வீதியில், பாத்திரக் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்தச் சின்ன அலுவலகத்துக்குள் நுழைந்ததும் தேவானை சொன்ன முதல் வார்த்தை இதுதான். வணக்கம்கூடச் சொல்லவில்லை. பெரிய வீட்டில் வேலைக்குப் போகிறாய், லீவு கேள், அட்வான்ஸ் கேள், பண்டிகைக்குத் துணி கேள், ஆனால் முதலாளியைப் பார்த்து மன்னிப்புக் கேள் என்று மட்டும் வாய் திறந்துவிடாதே என்று அவளுடைய அம்மா தலைபாடாக அடித்துக்கொண்டிருந்தாள். தேவானை அதைத்தான் முதலில் கேட்டாள்.

“உக்காருங்க,” என்றார் ஸ்வர்ணலதா. “யாரு, எதுக்குன்னு சொல்லுங்க. மன்னிப்பை அப்புறம் வாங்கலாம்.”

ஸ்வர்ணலதா இன்ஷூரன்ஸ் கம்பெனியில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். இடிபட்ட வண்டியைப் பார்த்து, யார் சொல்வது பொய் என்று கண்டுபிடிப்பதுதான் அவருக்குப் பிழைப்பாக இருந்தது. ஓய்வுக்குப் பிறகும் அதையேதான் செய்தார், கம்பெனி இல்லாமல். உதவிக்கு சாய்மா இருந்தாள். யாராவது படியேறி வரும் சத்தம் கேட்டாலே ஸ்கூட்டர் சாவியைக் கையில் எடுத்துவிடுகிற ரகம்.

தேவானை உட்காராமலே சொன்னாள். மெக்கானிக்கல் படித்தவள். அவள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். தி.நகரில் ஜவுளிக் கடை வைத்திருக்கும் கருணாகரனின் அடையாறு வீட்டு ஷெட்டில், அவருடைய அப்பா வாங்கிய மார்க் ஒன் அம்பாசடர் ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. அதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, தகடு மாற்றி, வானநீலம் அடித்து, ஓட வைத்தது இவள்.

“வெளிய பாத்தா பழைய வண்டி. உள்ள இன்னிக்கு ரோட்டுக்கு ஏத்த மாதிரி மாத்திட்டேன் மேடம். முன்னாடி டிஸ்க் பிரேக்கு, ஆல்டர்னேட்டரு, சீட் பெல்ட்டு. ஹெட்லைட் சுவிட்ச் எல்லாத்தையும் ஸ்டீரிங்கிட்ட ஒரே லீவருக்குக் கொண்டாந்தேன். தரையில காலாண்ட ஒண்ணு இருந்திச்சு, அந்த ஓட்டைய வீணாக்காம கண்ணாடி கழுவுற பம்ப்ப வெச்சேன். ஒண்ணொண்ணா காட்டலாம்னு கூப்ட்டா, ‘எங்க அப்பா வண்டில்லா, எனக்குத் தெரியாததா’ன்னு போய்க்கினே இருப்பாரு.”

“சரி. என்ன ஆச்சு?”

“ஞாயித்துக்கிழமை பழைய கார் கண்காட்சி. முந்தாநாள் காலைல அவரு வீட்டம்மா வண்டிக்குப் பூஜை போட்டாங்க. சாயங்காலம் நான் துணி போட்டு மூடிட்டுக் கெளம்பிட்டேன். நேத்துக் காலைல வந்து துணிய எடுக்கிறேன், இடது பக்க மட்கார்டு நசுங்கிக் கீது. வாசக் கேட்டுத் தூண்ல நீல பெயிண்ட்டு. அவரு வந்தாரு. ‘நீதான் எடுத்துட்டுப் போயி இடிச்சிருக்க, உன் பிரேக்கு லட்சணம் இதுதானா’ன்னு வீட்ல அத்தினி பேர் முன்னாடியும் கத்தினாரு. சாவிய புடுங்கினாரு.”

“சாவி எத்தனை?”

“ரெண்டு. ஒண்ணு என்கிட்ட. இன்னொண்ணு அவங்க ஹால்ல ஆணியில.”

“சாயங்காலம் நீங்க எங்கே போனீங்கன்னு சொல்ல ஆள் உண்டா?”

“தனியா பஸ்ல போனேன். கண்டக்டரு என்னை ஞாபகம் வெச்சிப்பாரா?” அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. “பழைய வண்டி வெச்சிருக்கறவங்க எல்லாம் ஒருத்தருக்கொருத்தர் தெரிஞ்சவங்க மேடம். ஞாயித்துக்கிழமை இவரு ஒரு வார்த்தை சொன்னா போதும். இந்த ஊர்ல எவனும் என்னை நம்பி ஒரு போல்ட்டைக்கூடக் குடுக்க மாட்டான்.”

சாய்மா எழுந்தே விட்டாள். “மேடம், அந்த வீட்ல ஒரு பையன் இருப்பானே?”

“இருக்கான். ராகேஷ்.”

“முடிஞ்சுது கேஸ்!”

“வண்டியைப் பாக்காமலே கேஸை முடிக்கிறதா இருந்தா, சர்வீஸ் முழுக்க நான் வெயில்ல அலைஞ்சிருக்கவே வேண்டாம் சாய்மா,” என்றார் ஸ்வர்ணலதா. “ஸ்கூட்டரை எடு.”

அடையாறு காந்தி நகரில் அந்த வீட்டு ஷெட், ஒரு குடும்பமே குடியிருக்கலாம் போலப் பெரிதாக இருந்தது. நடுவில் வண்டி. சுவரோரம் தேவானையின் கருவிகள் ஒழுங்காக அடுக்கியிருந்தன. அவள் தன் இரும்புப் பெட்டியைத் திறந்து ஸ்பானர்களை ஒவ்வொன்றாகத் துடைத்து உள்ளே வைக்கத் தொடங்கினாள்.

கருணாகரன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சில நாட்களுக்கு முன்புதான் கண்ணில் ஆபரேஷன் முடிந்திருந்தது. “வண்டிய இடிச்சது அவ. துப்பறிய என்ன இருக்கு? நீங்க வேணும்னா காப்பி குடிச்சிட்டுப் போங்க,” என்றார்.

“காப்பி குடிக்கிறேன். வண்டியையும் பாத்துக்கறேன்,” என்றார் ஸ்வர்ணலதா.

கருணாகரனின் மனைவி ஜெயலக்ஷ்மி காப்பியோடு விவரங்களையும் கொண்டுவந்தாள். முந்தாநாள் பிரதோஷம். அவளும் மகனும் திருவான்மியூர் மருந்தீஸ்வரர் கோயிலுக்குப் போய்விட்டு, அவளுடைய அக்கா வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள். வீட்டில் இருந்தது கருணாகரனும், அவருடைய பள்ளிக்கூடத்து நண்பர் வேதாந்தமும்தான்.

“இவுக வண்டி எடுத்திருக்கலாமேன்னு கேக்காதிய. ஒரு மாசம் ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. ஸ்டீரிங்கத் தொட்டா கைய முறிச்சிருவேன்னு நான் சொல்லியிருக்கேன்.”

“ஹால்ல உக்காந்துண்டு டி.வி.ல கச்சேரி கேட்டுண்டிருந்தோம்,” என்றார் வேதாந்தம் அவசரமாக. மயிலாப்பூரிலிருந்து நண்பருக்குத் துணையாக வந்திருந்தார். “எனக்கு டிரைவிங்கே தெரியாது, கேட்டேளா. சைக்கிளோட சரி.”

“யாரோட கச்சேரி சார்?” என்றாள் சாய்மா.

“பாட்டுக் கச்சேரி,” என்றார் வேதாந்தம். அதோடு காப்பியில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

ராகேஷ் போனை நீட்டினான். தேவானை ஒவ்வொரு மாற்றத்தையும் விளக்கிக் காட்ட, அவன் எடுத்து வைத்திருந்த வீடியோ. “எங்க ஃபிரண்ட்ஸுக்குப் போடுறதுக்காக எடுத்தேன் ஆன்ட்டி. லைட்டு, பம்ப்பு எல்லாம் எங்க இருக்குன்னு எனக்கு அத்துப்படி. ஆனா ஸ்டீரிங்குலயே இருக்கற அந்த கியரைப் போட்டு ஓட்டத்தான் வரல.”

சாய்மா ஸ்வர்ணலதாவின் காதருகே குனிந்தாள். “ஓட்டத் தெரியாதவன்தானே மேடம் இடிப்பான்!”

ஸ்வர்ணலதா வண்டியின் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயலக்ஷ்மி அதில் சந்தனத்தால் பிள்ளையார் சுழி போட்டு, நடுவில் குங்குமம் வைத்திருந்தாள். டிரைவர் பக்கம் அந்தச் சுழி கரைந்து, மேலிருந்து கீழாக ஒரு கோடு இறங்கிக் காய்ந்து போயிருந்தது.

“தடயத்தை அழிக்க வண்டியைக் கழுவியிருக்காங்க!” என்றாள் சாய்மா.

“கண்ணாடியை மட்டுமா? பானட்ல குங்குமம் அப்படியே இருக்கு பாரு.”

“அப்ப மழை?”

“பங்குனி வெயில்ல, ஷெட்டுக்குள்ள?” ஸ்வர்ணலதா திரும்பினார். “தேவானை, அந்தக் கண்ணாடி பம்ப்புக்குத் தண்ணி எவ்வளவு ஊத்தியிருந்தீங்க?”

தேவானை வந்து பானட்டைத் தூக்கிப் பார்த்தாள். “கழுத்து வரைக்கும் ஊத்தினேன். இப்பக் கொறைஞ்சிருக்கு.” அவள் ஒரு நொடி அந்தப் பாட்டிலையும், பிறகு கண்ணாடியையும் பார்த்தாள். பிறகு ஸ்வர்ணலதாவைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு பெட்டியிடம் திரும்பிப் போனாள்.

“எல்லாருக்கும் ஒரு சின்ன வேலை,” என்றார் ஸ்வர்ணலதா. “ஒவ்வொருத்தரா டிரைவர் சீட்ல உக்காருங்க. ஹெட்லைட் போட்டிருக்கு. எதிர்ல லாரி வருதுன்னு வெச்சுக்குங்க. லைட்டை டிம் பண்ணுங்க. அவ்வளவுதான்.”

ராகேஷ் உட்கார்ந்தான். விரலால் லீவரைத் தட்டினான். சுவரில் விழுந்த வெளிச்சம் கீழே இறங்கியது. வேதாந்தம் உட்கார்ந்து, ஹாரனை அடித்து, தானே பயந்து இறங்கிவிட்டார்.

“நான் எதுக்கு? எனக்குக் கண்ணு ஆபரேஷன்,” என்றார் கருணாகரன்.

“வண்டி நிக்கத்தானே செய்யுது? சும்மா உக்காருங்க,” என்றாள் ஜெயலக்ஷ்மி.

அவர் உட்கார்ந்தார். உட்கார்ந்ததுமே முதுகு நிமிர்ந்து, தோள் விரிந்து, வயது குறைந்த மாதிரி இருந்தது. “எங்க அப்பா எனக்கு ஓட்டப் படிச்சுக் குடுத்ததே இந்த சீட்டுலதான், தெரியுமா?” என்றார்.

“லாரி வருது சார்,” என்றார் ஸ்வர்ணலதா.

கருணாகரனின் கைகள் ஸ்டீரிங்கை விட்டு நகரவில்லை. இடது கால் மட்டும் கிளட்சுக்குப் பக்கத்தில் போய்த் தரையை ஓங்கி மிதித்தது. சர்ரென்று தண்ணீர் பீய்ச்சிக் கண்ணாடியில் அடித்தது. சுவரில் வெளிச்சம் குறையவே இல்லை.

“பாத்தியளா! பாத்தியளா!” என்று கத்தினார் கருணாகரன். “இதான் அவ வேலை லட்சணம்! அன்னிக்கும் இப்பிடித்தான் மூஞ்சிக்கு நேரா பீச்சி அடிச்சுது, முன்னால ஒரு எழவும் தெரியாம நான்...”

சந்தனம் கரைந்து கண்ணாடியில் இறங்கிக்கொண்டிருந்தது.

“என்னிக்கு?” என்றாள் ஜெயலக்ஷ்மி.

“நான் அப்பவே சொன்னேன் கருணா,” என்றார் வேதாந்தம் பரிதாபமாக. “ஆத்துக்குள்ளயே இருப்போம்னேன். கேட்டியா?”

“நீங்களும் கூடப் போனீங்களா சார்?” என்றாள் சாய்மா.

“பெல்ட் போட்டுண்டுதான் போனேன்,” என்றார் அவர், அதற்காகவாவது யாராவது பாராட்டுவார்கள் என்பதுபோல.

ஸ்வர்ணலதா காலிக் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார். “கண்ணாடியில மட்டும் தண்ணி. பாட்டில்லயும் குறைஞ்சிருக்கு. அப்ப ஓட்டினவர் பம்ப்பை மிதிச்சிருக்கார். கண்ணாடியைக் கழுவறதுக்காக மிதிச்சிருந்தா வைப்பரையும் போட்டிருப்பார், சந்தனம் மொத்தமா போயிருக்கும். கோடு மட்டும்தான் இறங்கியிருக்கு. அப்ப வேற எதுக்கோ கால் போயிருக்கு. முன்னாடி அந்த இடத்துல என்ன இருந்தது? லைட்டை டிம் பண்ற சுவிட்ச்.”

“அப்பல்லாம் அந்தச் சுவிட்சே காலுலதான் மேடம் இருக்கும்,” என்றார் கருணாகரன் ஈனக் குரலில்.

“ஆமா. தேவானை ஓட்டியிருந்தா கை லீவருக்குப் போயிருக்கும், மாத்தினதே அவங்கதான். ராகேஷ் ஓட்டியிருந்தாலும் அப்படித்தான். லைட்டைக் காலால டிம் பண்ணணும்னு அவன் தலைமுறைக்குக் கனவுலகூடத் தோணாது. இந்த வண்டியில ஓட்டக் கத்துக்கிட்ட கால் இந்த வீட்ல ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அந்தக் காலுக்குச் சொந்தக்காரருக்குத்தான் என்ன மாத்தினாங்கன்னு கேக்கப் பொறுமை இல்ல. கேட்டுக்குள்ள திரும்பறப்போ எதிர்ல ஏதோ வண்டி வந்திருக்கு. மிதிச்சீங்க. தண்ணி அடிச்சுது. தூண் வந்தது. அம்மா திரும்பறதுக்குள்ள அவசரமா துணியைப் போட்டு மூடிட்டீங்க.”

சாய்மா கைதட்டத் தூக்கிய கையை, யாரும் தட்டாததால் இறக்கிக்கொண்டாள்.

தேவானை கையில் ஸ்பானரோடு நிமிர்ந்தாள். “வீட்டம்மான்னா பயம். சரி, யாருக்குத்தான் இல்ல? அதுக்கு என் பேருதான் கெடச்சிச்சா? இன்னா நெனச்சிக்கினு கீறீங்க சார்? இந்த வண்டிக்கு அடியில படுத்துக்கினு, துரு வாயில விழுந்தா துப்பிட்டு வேலை செஞ்சேன் நான். ஒரு தூண்ல இடிச்சதுக்கு என்னையே தூக்கிப் போட்டுட்டீங்க!”

“உன் வேலையிலதான் ஏதோ தண்ணி லீக்குன்னு நெசமாவே நெனச்சேம்மா,” என்று முணுமுணுத்தார் அவர். பிறகு தரையைப் பார்த்து ஏதோ சொன்னார்.

“எனக்குக் கேக்கல.”

“எனக்கும் கேக்கல,” என்றாள் ஜெயலக்ஷ்மி.

கருணாகரன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். கண் சிவந்திருந்தது. “நான்தான் இடிச்சேன். தெரிஞ்சே உன்மேல பழியப் போட்டேன். என்னை மன்னிச்சிரு தேவானை.”

“ஞாயித்துக்கிழமை மைக்குலயும் இதையே சொல்லுவிய,” என்றாள் ஜெயலக்ஷ்மி. “வண்டிய யாரு செஞ்சதுன்னும் சொல்லுவிய. நான் முன்வரிசையில உக்காந்திருப்பேன்.”

“சொல்லுதேன்,” என்றார் அவர். அப்பாடா என்றிருந்தது போல. உடனே பழைய குரல் திரும்பி வந்தது. “சரி, நடந்தது நடந்து போச்சு. நாளைக்குக் காலைல வந்து மட்கார்ட நேராக்கிரு. வேதாந்தத்தோட மச்சினன்கிட்ட ஒரு பழைய வண்டி கிடக்கு. அதையும் நம்ம ஷெட்டுலயே வெச்சு நீயே பண்ணு. என்ன சொல்லுத?”

கடைசி ஸ்பானரும் பெட்டிக்குள் போனது. தேவானை மூடியைச் சாத்தி, கொக்கியைப் போட்டாள்.

“நீங்களே நேராக்கிக்குங்க சார். உங்க அப்பா வண்டி. உங்களுக்குத் தெரியாததா?”

பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். சாய்மா ஓடிப்போய் வாசலில் பிடித்தாள். “ஏய், கோவத்துல போகாத. யோசிச்சு முடிவு பண்ணு.”

“திருவான்மியூர்ல பஸ் ஸ்டாண்டு பின்னாடி ஒரு ஷெட்டு வாடகைக்குப் பேசி முடிச்சிட்டேன்க்கா. காலைல, உங்க மாடிப்படி ஏறுறதுக்கு முன்னாடியே.”

“அப்பறம் எதுக்கு மன்னிப்பு கேக்கச் சொன்ன?”

“அது வேற,” என்றாள் தேவானை.

பின்னால் ஷெட்டுக்குள் மறுபடியும் சர்ரென்று சத்தம் கேட்டது. லைட்டை அணைக்கப் போய் யாரோ பழைய பழக்கத்தில் தரையை மிதித்திருக்கிறார். ஜெயலக்ஷ்மி வாய்விட்டுச் சிரித்தாள். தேவானை திரும்பிப் பார்க்கவில்லை. கேட்டுத் தூணில் ஒட்டியிருந்த நீலப் பெயிண்டைத் தாண்டி, பெட்டியைக் கை மாற்றிக்கொண்டு, பஸ் ஸ்டாப் பக்கம் திரும்பினாள்.