குழந்தை இல்லாத வீட்டில் ஒரு பாலாடை

ராசிபுரம். 1979, வைகாசி. காலை ஒன்பது மணிக்கு அறைக்கதவை உடைத்தார்கள். நெய் வியாபாரி சின்னண்ணன் கட்டிலில் செத்துக் கிடந்தார். கையருகே பூச்சிமருந்து டப்பா.

"இவதான் காப்பியில கலந்து குடுத்துட்டாளுங்க," என்று அண்ணியைக் காட்டினான் தம்பி மணியன். "புத்துநோய்க்காரனுக்குப் பண்டுதம் பார்த்துச் சலிச்சுப் போச்சு அவளுக்கு. தூக்குல போடுங்க."

அண்ணி செல்லாயி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

இன்ஸ்பெக்டர் நசுருல்லா அறையை நோட்டமிட்டார். முக்காலியில் டம்ளர் நிறையக் காப்பி, மேலே ஏடு கலையாமல். சன்னலில் இரண்டு எக்ஸ்ரே படங்கள். தை மாதப் படத்தில் வலது நுரையீரலில் நெல்லிக்காயளவு நிழல். சித்திரைப் படத்தில் எலுமிச்சையளவு. இரண்டாவதைப் பார்த்ததும் சேலத்து டாக்டர் கையை விரித்துவிட்டாராம்.

தலைமாட்டில், பிள்ளைகளுக்கு மருந்து புகட்டும் பித்தளைப் பாலாடை.

"வீட்ல குழந்தை இருக்காம்மா?"

"எங்களுக்கு அந்தக் குடுப்பினை இல்லீங்க."

பாலாடையை எடுத்து முகர்ந்தார்; நெய் வாசம். சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் மாலை, பிணப் பரிசோதனை முடிந்து திரும்பி வந்தார்.

"மணியா, வயித்துல காப்பியே இல்ல. தாழ்ப்பாள் போட்டுட்டு, உங்கண்ணன் டப்பாவோட குடிச்சிருக்கார். இந்தம்மா விஷம் வைக்கல."

"புத்துக்குப் பயந்துங்களா?"

"அது புத்தே இல்ல. கட்டியை அறுத்தா உள்ள அத்தனையும் கொழுப்பு. நுரையீரல்ல நெய் இறங்கித் தங்கினா இப்படித்தான் கட்டி தட்டுமாம். படத்துல புத்து மாதிரியே தெரியுமாம். ஊசி குத்தி ஒரு துளி எடுத்துப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். பீடி குடிப்பியான்னு மட்டும் கேட்டு அனுப்பிட்டாங்க."

"நெய்யி எப்படீங்க நெஞ்சுக்குள்ள போகும்?"

நசுருல்லா சட்டைப் பையில் கைவிட்டார். பிறகு பாலாடையை எடுத்துத் தரையில் வைத்தார்.

"மூக்கு வழியா. மல்லாக்கப் படுக்க வெச்சு விட்டா, விழுங்கினது போக மிச்சம் அங்கதான் போகும்."

"மூக்கடைப்புக்கு வருசக்கணக்கா ராத்திரியில விடறதுதானுங்க," என்றாள் செல்லாயி. "நானே உருக்குன நெய்யி."

"முதல் படம் எடுத்த பிறகு?"

"மூச்சு முட்டுதுன்னாங்க. அதுலிருந்து காலையிலயும் விட்டனுங்க."

மணியன் சன்னலைப் பார்த்தான். நெல்லிக்காய். எலுமிச்சை. தலையைக் குனிந்துகொண்டான்.

செல்லாயி பாலாடையை எடுத்து முந்தானையால் துடைத்தாள்.

"ஒரு சொட்டு கீழ சிந்தாம விட்டனுங்களே."