கணவாய்க்குக் கீழே ஒரு நீலப் பை

"தண்ணிக்குள்ள ரெண்டு நிமிஷம் மூச்சடக்குறவன் நான். எனக்கு மலையில மூச்சு முட்டுமாக்கும்?"

தூத்துக்குடியில் சங்கு குளிக்கும் தொம்மை இப்படிச் சொல்லிவிட்டுத்தான் இமயமலைக்குக் கிளம்பினான். தெருவே ரயிலடிக்கு வந்தது. பாதிப் பேர் வழியனுப்ப வந்தார்கள், மீதிப் பேர் அவன் புதிதாக வாங்கிய சிவப்புக் குல்லாவைப் பார்க்க.

கூடப் போனவள் அவன் மனைவி ஜெசிந்தா. அவள் தம்பி ராயப்பன் போன வருஷம் அந்த மலையில் காணாமல் போனான். அவனுடைய நீலப் பை கணவாய்க்குக் கீழே ஒரு பாறையில் மாட்டிக் கிடப்பதாக யாரோ படம் அனுப்பியிருந்தார்கள். அந்தப் பையாவது கைக்கு வந்தால்தான் மகனுக்கு மாதா கோயிலில் இறந்தோர் பூசை வைப்பேன் என்று தாய் சூசையம்மாள் பிடிவாதமாக இருந்தாள்.

வழிகாட்டி பிரேம் பகதூர் நாலு வருஷம் திருப்பூர் பனியன் கம்பெனியில் கிடந்தவன். தமிழ் நன்றாக வரும். தினமும் இரண்டு வேளை எல்லார் விரலிலும் கிளிப் மாதிரி ஒரு கருவியை மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்ப்பான்.

"ஊர்ல தொண்ணூத்தஞ்சுக்கு மேல இருக்கணும்க்கா. இங்க காத்து லேசு, எண்பது சொச்சம் சகஜம். ஆனா தள்ளாட்டம் வந்துட்டா நம்பர் எதுவானாலும் இறங்கிரணும்."

ஐந்தாம் நாள் காலை, சரிவுக்கு மேலே நீலமாக ஒரு பொட்டு தெரிந்தது. ஜெசிந்தா இரண்டு எட்டு முன்னால் வைத்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். ராயப்பனின் பை!

பிரேம் கருவியை எடுத்தான். ஜெசிந்தாவுக்கு எண்பத்திரண்டு. தொம்மைக்கு அறுபத்தாறு.

"விரல் சில்லுனு கெடக்கு. உன் மெஷினு பொய் சொல்லுது."

"சில்லுனு இருந்தா தப்பாக் காட்டும், நெசந்தான்." பிரேம் அவன் கையைத் தன் அக்குளில் வைத்துச் சூடேற்றி, வேறு விரலில் மாட்டினான். அறுபத்தைந்து.

தொம்மையின் உதடு நாவற்பழம் தின்றதுபோல் கறுத்திருந்தது. அவன் எழுந்து, தள்ளாடிக்கொண்டே சரிவில் ஏறத் தொடங்கினான்.

"எங்க அத்தான் போறிய?"

"மேலதாம்ட்டி. மேல போயிட்டா மூச்சு வந்துரும்."

ஜெசிந்தாவுக்குப் புரிந்துவிட்டது. இருபது வருஷம் கடலில் படித்த பாடம் அது. மூச்சு முட்டினால் மேலே வா, காற்று அங்கேதான் இருக்கும். இங்கே மேலே போகப் போகத்தான் அது இல்லை.

"நீங்க அவரைப் பிடிச்சிக்கிடுங்க. நான் ஓடிப் போய் பையை எடுத்துட்டு வந்துருதேன்."

"போய்வர ரெண்டு மணி நேரம்க்கா. கையில இருக்கிற சின்ன ஆக்சிஜன் சிலிண்டர் இறங்குறதுக்கே பத்தாது. ஒத்தை ஆளா இவரை இறக்கவும் முடியாது."

அவள் ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு புருஷனின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு கீழ்நோக்கித் திரும்பினாள். மறுபக்கம் பிரேம் தாங்க, அந்தி வரை இறங்கினார்கள். அடிவாரத்து ஊரில் மறுநாள் தொம்மைக்குத் தொண்ணூறு.

"செலவழிச்சுப் போயி வெறுங்கையோட வந்திருக்கா" என்று தெரு பேசியது. சிவப்புக் குல்லாவும் வழியில் எங்கோ விழுந்துவிட்டிருந்தது, அதையும் பேசியது.

சூசையம்மாள் மட்டும் பையைக் கேட்கவில்லை. பிரேம் கொடுத்தனுப்பிய கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தன் விரலிலேயே மாட்டினாள். தொண்ணூற்றேழு.

"எம்புள்ளைக்கு இதுதான் பத்தாமப் போச்சா?"

ஜெசிந்தா தலையசைத்தாள்.

"எனக்கு எதுக்குட்டி இவ்வளவு?"

அதைக் கழற்றி மகளிடம் கொடுத்தாள். வாசலில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த மருமகனைப் பார்த்தாள்.

"சாமியார்ட்ட சொல்லு. வார ஞாயித்துக்கெழம பூசை வச்சிருவோம்."