பிஸ்டன் இறங்கிய ஆழம்

இஞ்சின் சூடாக இருந்தது. அதுதான் முதலில் ஏஞ்சலினுக்கு உறுத்தியது. பெட்ரோல் டேங்க் இல்லாமல், செயின் இல்லாமல், வாரக்கணக்கில் பெஞ்சின் மேல் கிடக்கும் பழைய பி.எஸ்.ஏ. பைக் இஞ்சின், ஆனாலும் காய்ச்சல்காரன் நெற்றியைப் போல உள்ளங்கையில் வெதுவெதுத்தது.

புதுவாயல் ஹைவே ஓரத்து ஷெட்டில் சாயங்கால மழை தகரத்தை அறைந்துகொண்டிருந்தது. ஈர மண்ணும் கருகிய ஆயிலும் கலந்த வாடை. பழைய பிரிட்டிஷ் பைக் வாங்குகிறவர்கள், இஞ்சின் எந்த மாடல் என்று பார்த்துச் சொல்ல அவளையும் அவள் அண்ணன் சாம்சனையும்தான் கூப்பிடுவார்கள். போன வாரம் இதைப் பார்க்க வந்துபோன சாம்சன் அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை. வலது கையை அக்குளில் ஒடுக்கிக்கொண்டு வீட்டில் சுவரோரம் உட்கார்ந்திருக்கிறான்.

"வுட்ரும்மா," என்றார் ஷெட்காரர் அரசப்பன், வாசலிலேயே நின்றுகொண்டு. "எம்-இருபதுன்னு சொல்லிட்டு ஊட்டுக்குப் போ. இது பேஜாரு புடிச்ச இஞ்சின்."

"எம்-இருபதும் எம்-இருபத்தொண்ணும் வெளியில பாத்தா ஒண்ணுதாண்ணே. பிஸ்டன் எவ்ளோ ஆழம் எறங்குதுன்னு பாத்தாதான் தெரியும். எங்கண்ணன் இன்னா பாத்துச்சுன்னு தெரியாம நான் போமாட்டேன்."

இஞ்சின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினாள். சிலிண்டர் வாயில் பிஸ்டன் தெரிந்தது. அதன் மேல் நீளமான ஸ்டீல் ஸ்கேலை நிறுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பிஸ்டனை நகர்த்தும் நட்டில் ஸ்பேனரை மாட்டித் திருப்பினாள். பிஸ்டன் இறங்கியது. தொண்ணூற்று நான்கு மில்லிமீட்டரில் நின்றால் எம்-இருபது. நிற்கவில்லை. நூற்றுப் பன்னிரண்டில் நின்றால் எம்-இருபத்தொன்று.

அங்கும் நிற்கவில்லை.

ஸ்பேனரை விட்டாள். ஸ்கேல் தானாகவே இறங்கிக்கொண்டிருந்தது. இஞ்சினின் உயரத்தையே தாண்டிவிட்டது. குனிந்து பெஞ்சின் அடியில் பார்த்தாள். வெறும் தரை.

விரலிடுக்கில் ஸ்கேலின் நுனி மட்டும் மிஞ்சியது. இறுக்கிப் பிடித்தாள்.

கீழிருந்து யாரோ இழுத்தார்கள்.

"ஏஞ்சலு." சிலிண்டருக்குள்ளிருந்து, ஒரு வாரமாக வீட்டில் கேட்காத சாம்சனின் குரல். "வுடாத."

பின்னால் அரசப்பன் ஓடும் சத்தம். மழை. உள்ளங்கையில் ஸ்கேலின் விளிம்பு இறங்கி ரத்தம் வழிந்தது. பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. பெஞ்சில் காலை ஊன்றினாள்.

"எங்கண்ணனைக் குடுத்துடு," என்றாள். "குடுக்காம நான் போவ மாட்டேன்."

இழுத்தாள். வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக.

கறுத்த ஆயில் சொட்டச் சொட்ட, ஸ்கேலைப் பற்றிய விரல்கள் மேலே வந்தன. சாம்சனின் விரல்கள். அவன் மணிக்கட்டை இன்னொரு கை பற்றியிருந்தது. அந்தக் கையை வேறொரு கை. அதற்கும் கீழே, வெளிச்சம் எட்டிய ஆழம் வரைக்கும், கைகள்.

எல்லாம் மேலே ஏறிக்கொண்டிருந்தன. ஏஞ்சலின் பிடியை விடவில்லை.